சித்தியின் டீவியும் இரண்டு விநாடி வெளிச்சமும்

தலையிலிருந்து நழுவிய கிளிப் டீவி மேசைக்குப் பின்னால் விழுந்தது. அதைத் தேடத்தான் டோர்ச்சை எடுத்தேன். மாலை ஐந்தரை மணி. மழை விட்டு, ஸ்பிரிங்வெளி மலையிலிருந்து இறங்கிய பனிமூட்டம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளின் வாசல்வரை வந்திருந்தது. சித்தியின் காம்பராவுக்குள் பாதி இருட்டு. அம்மா கொடுத்தனுப்பிய ரொட்டியை வைக்க வந்தவள் நான். சித்தி தண்ணீர் பிடிக்கப் பைப்படிக்குப் போயிருந்தாள். டீவி ஓடிக்கொண்டிருந்தது. ஓடிக்கொண்டிருந்தது என்றால் சத்தம் மட்டும். ஐந்து நாளாக அந்த இருபத்தாறு அங்குலத் திரை வெறும் கறுப்புப் பலகை. சித்தி அதை ரேடியோவாக்கிக்கொண்டு செய்தி கேட்டுவந்தாள்.

நான் குனிந்தபோது டோர்ச் வெளிச்சம் சாய்வாகத் திரையில் பட்டது. அந்தக் கறுப்புக்குள் ஒரு டை அசைந்தது.

நிமிர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. மறுபடி டோர்ச்சைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய்ச் சாய்த்துப் பிடித்தேன். ஒரு சின்ன வட்டத்துக்குள் டை, அதற்கு மேலே ஒரு தாடை, ஒரு வாய். சத்தத்துக்குச் சரியாக வாய் அசைந்தது. டோர்ச்சை அணைத்தால் ஆள் இல்லை; போட்டால் இருக்கிறார். செய்தி வாசிப்பவர் ஐந்து நாளாக இருட்டுக்குள் உட்கார்ந்து விடாமல் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார்!

முதலில் சிரிப்பு வந்தது. பிறகுதான் விஷயம் புரிந்தது. படத்துக்கு எந்தக் குறையும் இல்லை. படத்துக்குப் பின்னால் எரியவேண்டிய விளக்கு எரியவில்லை, அவ்வளவுதான். அப்படியென்றால் நான் அதைக் கொன்றுவிடவில்லை.

அந்த 'கொன்றுவிடவில்லை' எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தது என்று சொல்லவேண்டும்.

சித்தி அம்மாவின் ஒரே தங்கை. பக்கத்துக் காம்பரா. சித்தப்பாவுக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை, தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார். பிள்ளைகள் இல்லை. ஐந்து வருடம் குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துவிட்டு, இந்த வருடம் ஒன்றரை மாத லீவில் வந்திருந்தாள். அந்த வீட்டு மேடம் பெரிய டீவி வாங்கியபோது பழையதைச் சித்திக்குக் கொடுத்திருக்கிறாள். உடுப்பு, பாத்திரம் எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு, லக்கேஜ் நிறை முழுவதையும் சித்தி இந்த ஒன்றுக்கே கொடுத்தாள். எங்கள் லயத்தில் தொப்பை டீவிதான் எல்லோரிடமும். தட்டை டீவி இதுதான் முதல். பதுளையிலிருந்து வந்த வேனில் இருந்து அதை இறக்கும்போது சித்தி போட்ட கூச்சல் மேல் லயம்வரை கேட்டது.

"பாத்து, பாத்து! கொழந்தப்புள்ளைய எறக்குற மாதிரி எறக்குங்க!"

எனக்குப் பத்தொன்பது வயது. ஏ.எல். பரீட்சையைக் கணிதப் பிரிவில் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிறேன். காத்திருப்பது எனக்கு வராத வேலை. வந்த அன்றைக்கே டீவியில் கை வைத்தேன். குவைத் பிளக்கில் கால் மூன்றும் சதுரம். எங்கள் சுவரில் உருண்டை ஓட்டை. பிளக்கை வெட்டிவிட்டு உருண்டைக் கால் பிளக் பூட்டினேன்.

"ஐயோ, வந்த அன்னைக்கே வால வெட்டிப்புட்டாளே!" என்று சித்தி தலையில் கை வைத்தாள். ஆனால் படம் வந்ததும் என் கன்னத்தைக் கிள்ளினாள்.

ஒரு மாதம் நன்றாகத்தான் ஓடியது. போட்டதும் சில நிமிடம் திரை முழுக்க இளஞ்சிவப்பாக இருக்கும், பிறகு வெளுத்துவிடும். "வெக்கப்படுது," என்பாள் சித்தி. சரஸ்வதி பூசைக்கு மறுநாள் காலையில்தான் அது நடந்தது. சுவிட்சைப் போட்டோம். படம் பளிச்சென்று வந்தது. டிக் என்று ஒரு சின்னச் சத்தம். இருட்டு. சத்தம் மட்டும் தொடர்ந்தது. அணைத்துப் போட்டால் மறுபடி இரண்டு விநாடி வெளிச்சம், டிக், இருட்டு.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? யாரு தொட்டா?" என்றாள் சித்தி.

யாரும் பதில் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. முந்தின நாள் பின்னேரம் பின்பக்கம் கைவிட்டு டிவிடி டெக்கின் வயரை மாட்டியவள் நான்தான்.

"அந்த வீட்டுல அஞ்சு வருசம் இதுக்கு தூசி தட்டுனேன். ஒரு நாளு இது கண்ணு சிமிட்டல. இங்க வந்து ஒரு மாசத்துல கண்ண மூடிருச்சு. ஒம் மக கை சும்மா இருக்காதே. அவ கை வச்சது எது உருப்பட்டுச்சு, அக்கா?"

அம்மா கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டு பெரட்டுக்குப் புறப்பட நின்றாள். ஆள் எண்ணும் நேரம் நெருங்கிவிட்டது; அவசரத்தில் இருப்பவளிடம் பேசக்கூடாத பேச்சு. "எம் புள்ளைய ஒன்னும் சொல்லாத. எங்கிட்டோ கெடந்த பழைய சாமான தூக்கிட்டு வந்துட்டு, அதுக்கு இவள பலி குடுக்குறியா?"

டீவி போனதைச் சித்தி ஒருவேளை மன்னித்திருப்பாள். 'பழைய சாமான்' போய் எங்கேயோ குத்திவிட்டது. சித்தி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து அக்காவும் தங்கையும் பேசவில்லை.

லயத்தில் பேசாமல் இருப்பது சின்னக் காரியமில்லை. எங்கள் காம்பராவுக்கும் சித்தியுடையதற்கும் நடுச்சுவர் கூரைவரை போகாது. இந்தப் பக்கம் பெருமூச்சு விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். பைப்படியில் இருவரும் நாலடி இடைவெளியில் நிற்பார்கள், நடுவில் நான்.

"ஒங்கம்மாகிட்ட சொல்லு, தண்ணி நிக்கப் போகுதாம்."

"கேட்டுச்சுன்னு சொல்லு."

"கேட்டா கொடத்த வைக்கச் சொல்லு."

சித்தியின் லீவு முடிய பதினொரு நாள்தான் இருந்தது. அடுத்த திங்களல்ல, அதற்கடுத்த திங்கட்கிழமை காலை ரயிலில் கொழும்புக்கு, அங்கிருந்து குவைத்துக்கு. போனால் இரண்டு வருடம். இரண்டு பேரும் இப்படியே பிரிந்துவிட்டால், கடல் கடந்து போன்போட்டுச் சமாதானம் பேசுகிற ஜாதி இல்லை எங்கள் ஆட்கள். அம்மா, "போகட்டும், எனக்கென்ன," என்பாள். சொல்லிக்கொண்டே சித்தி கொண்டுபோக மிளகாய் காயவைப்பாள். ரொட்டி சுட்டால் முதல் ரொட்டியை என்னிடம் கொடுத்து, "அங்க வச்சிட்டு வா," என்பாள். 'அங்க' என்பதுதான் அப்போது தங்கையின் பெயர்.

சனிக்கிழமை பதுளைக்குப் போய், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருந்த ஒரு ரிப்பேர் கடையில் விசாரித்தேன். கடைக்கார அண்ணன் ஒரு தொப்பை டீவியின் முதுகுக்குள் தலையை விட்டபடியே கேட்டார்.

"எல்சிடியா? சத்தம் இருக்கு, படம் இல்ல, அப்படித்தானே? பேனல் போயிருச்சு தங்கச்சி. பேனல் போனா டீவி போன மாதிரிதான். கொண்டுவாங்க, நான் சாமானுக்கு எடுத்துக்கிறேன்."

திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. பிளக்கை வெட்டியது நான், வயரைக் குத்தியது நான்.

இதெல்லாம் சேர்ந்துதான், இரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை மாலை அந்த டை அசைந்தபோது, அது எனக்கு அவ்வளவு பெரிதாக இருந்தது.

சித்தி குடத்தோடு உள்ளே வந்தாள். "அங்க என்னா பண்ற? கைய எடு!"

"கை வைக்கல சித்தி, டோர்ச்தான் புடிச்சிருக்கேன். ஒரு நிமிசம் இங்க வந்து பாருங்க."

"என்னாத்த பாக்குறது, கருமத்த..." என்று குனிந்தவள் அப்படியே நின்றாள். "அடியே! உள்ள ஆளு இருக்கு!"

"ஆமா சித்தி. இத்தன நாளும் இருந்திருக்காரு."

"இருட்டுலயா பேசிக்கிட்டு இருக்காரு, பாவம்?"

"பின்னால எரியுற லைட்டு மட்டுந்தான் போயிருக்கு. டீவி போகல."

சித்தி என் கையிலிருந்து டோர்ச்சைப் பிடுங்கித் திரையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு மெதுவாக ஓட்டினாள். சவர்க்கார விளம்பரம் ஒன்று வந்தது. டோர்ச் வட்டத்துக்குள் ஒரு பெண்ணின் கன்னம் மட்டும் தெரிந்தது. குடத்தைக் கீழே வைக்க மறந்து இடுப்பிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"தெறக்கணுமா?" என்றாள் கடைசியில்.

"தெறக்காம சொல்ல ஏலாது."

"ஸ்குரூ ஒன்னு மிஞ்சுச்சு, ஒன்ன தொலைச்சிருவேன். நான் போறதுக்குள்ள முடி. ஒங்கம்மாகிட்ட சொல்லாத."

சுவருக்கு மேலாக அம்மாவின் இருமல் கேட்டது. சளி இருமல் இல்லை அது.

உடனே திறக்கவில்லை. திறந்தால் என்ன பார்ப்பதென்று தெரியவேண்டுமே. மறுநாள் பதுளையில் ஒரு மணி நேரம் இன்டர்நெட் பிடித்து உட்கார்ந்தேன். ஆங்கிலத்தில் யார் யாரோ எழுதியிருந்தார்கள், பாதி புரிந்தது. புரிந்த பாதி இது: திரைக்குப் பின்னால் ஈர்க்குப்போல மெல்லிய டியூப்கள் வரிசையாக எரிகின்றன. அவற்றுக்கு வீட்டுக் கரண்டைவிடப் பல மடங்கு அழுத்தம் வேண்டும். அதை ஏற்றிக் கொடுப்பது இன்வேட்டர் என்கிற ஒரு நீளப் பலகை. எல்லா டியூப்பும் ஒழுங்காகக் கரண்ட் எடுக்கிறதா என்று அந்தப் பலகை பார்த்துக்கொண்டே இருக்கும். எங்கேயாவது கரண்ட் கசிந்தால், இரண்டொரு விநாடியில் எல்லாவற்றையும் அணைத்துவிடும். அந்த டிக் சாவுச் சத்தமில்லை. காவல்காரன் கதவடைக்கிற சத்தம்.

கசிவு எங்கே? பள்ளிக்கூடத்தில் எழுதிய லாப் கொப்பியில் கட்டம் போட்டேன். காலை, மத்தியானம், மாலை. பனி உண்டா, இல்லையா. எத்தனை விநாடி எரிந்தது. செவ்வாய் மாலை பனியில் இரண்டு. புதன் காலை ஆறரைக்கு ஒன்றுகூட இல்லை, கண் சிமிட்டல் மட்டும். புதன் மத்தியானம், தகரம் காய்ந்து உள்ளே புழுங்கியபோது பதினொன்று! நம்ப முடியாமல் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். பதினொன்று, பத்து, பன்னிரண்டு. மாலை மழை வந்ததும் மறுபடி இரண்டு.

கொப்பியைப் பார்த்தபடி வாசற்படியில் உட்கார்ந்திருந்தேன். இந்தக் கோளாறு வெயிலுக்கும் பனிக்கும் கட்டுப்படுகிறது. உள்ளே ஏதோ ஈரத்தை இழுத்து வைத்திருக்கிறது. நான் பூட்டிய பிளக்குக்கும் டிவிடி வயருக்கும் பனியடிப்பது எப்படித் தெரியும்? முதல் தடவையாக மூச்சு நன்றாக வந்தது.

வியாழக்கிழமை அப்பாவிடம் ஸ்குரூ டிரைவர் கேட்டேன். அப்பாவுக்கு ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலை ஃபக்டரியில் வேலை. "இது ஸ்டோர் சாமான். ஒடைச்சா எனக்குத்தான் ஏச்சு," என்று சொல்லிவிட்டு, மூன்று அளவில் கொண்டுவந்து தந்தார். பிளக்கைக் கழற்றி ஒரு மணி நேரம் சும்மா வைத்திருந்தேன்; உள்ளே தங்கிய கரண்ட் இறங்கவேண்டும். சித்தி கட்டிலில் மெத்தை விரித்துத் தந்தாள். திரையைக் குப்புறப் படுக்கவைத்தோம். முதுகில் பதினெட்டு ஸ்குரூ. பழைய மாதிரி வினாத்தாளின் பின்பக்கத்தில் டீவியின் முதுகை வரைந்து, எந்த ஸ்குரூ எந்த இடமோ அந்த இடத்தில் குத்திவைத்தேன். சித்தி காவல் நிற்பதுபோல் நின்றாள். பிறகு பைப்பில் தண்ணீர் வந்துவிட்டதென்று யாரோ கூப்பிட, "கண்ட எடத்துல கை வைக்காத," என்று குடத்தோடு ஓடினாள்.

மூடியைத் தூக்கினேன்.

இடது ஓரமாக நீளப் பலகை. அதில் வரிசையாகத் தீப்பெட்டி அளவில் கறுப்புக் கட்டிகள். மேலே காற்று போகிற துளைகளுக்கு நேர் கீழே, பலகையின் நெற்றியிலிருந்து இரண்டு கட்டிகளைத் தாண்டி ஒரு கோடு இறங்கியிருந்தது. தண்ணீர் ஓடிக் காய்ந்த கோடு. ஈயப் புள்ளிகளுக்கு நடுவில் அது எறும்பு வரிசைபோலக் கறுத்திருந்தது. கோட்டின் மற்ற இடமெல்லாம் மஞ்சள்.

மூக்கைக் கிட்டக் கொண்டுபோனேன். கரிந்த மஞ்சள் வாசம். எங்கள் குசினி வாசம்.

பூசை அன்று நடந்தது அப்படியே கண்முன் வந்தது. நெல் வைத்த தாம்பாளம், அம்மாவின் கூடை, ஸ்டோருக்குப் போகுமுன் அப்பா தேயிலைச் செடி வெட்டிய கவ்வாத்துக் கத்தி, என் புத்தகங்கள், சித்தியின் டீவி. ஐந்து வருடத்துக்குப் பிறகு வீட்டில் கொண்டாடும் பூசை என்று சித்திக்கு அன்று கால் தரையில் நிற்கவில்லை. டீவியின் நெற்றியில் சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். பிறகு மாவிலையை மஞ்சள் தண்ணீரில் முக்கி முக்கி எல்லாவற்றுக்கும் தெளித்தாள். சொம்பைப் பிடித்துக்கொண்டிருந்தது அம்மா. "டீவிக்கு இன்னும் ரெண்டு தெளி தெளிடி. கண்ணு படாம இருக்கும்," என்றதும் அம்மாதான். சித்தி இலையை உதறித் தெளிக்கவில்லை. சொம்பில் மிச்சமிருந்ததைக் கையில் ஊற்றி மேலேயே அடித்தாள்.

குவைத்தில் ஐந்து வருடம் இந்த டீவி கண் சிமிட்டாததற்குக் காரணமும் புரிந்துவிட்டது. அங்கே அதற்கு யாரும் பூசை வைக்கவில்லை.

வாய்வரை வந்துவிட்டது. சுவரைப் பார்த்துக் கத்தினால் போதும், என் பெயரில் இருந்த பழி அந்த நிமிடமே போயிருக்கும். ஆனால் போன பழி எங்கே போய் உட்காரும்? தெளித்தது சித்தி, தூண்டியது அம்மா. நான் தப்பிவிடுவேன், சண்டை இன்னும் பெரிதாகிவிடும். டீவி எரிந்த பிறகு சொன்னால் அது சிரிப்புக் கதை. எரியாமல் சொன்னால் அது குற்றப் பத்திரிகை. எரியவில்லை என்றால் சொல்வதே இல்லை என்று முடிவெடுத்தேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை. பயம்தான்.

பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போய் ஸ்பிரிட் கேட்டேன்.

"எங்க காயம்?" என்றார் மருந்து கொடுப்பவர்.

"டீவிக்கு."

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். சின்னப் போத்தலில் ஊற்றித் தந்து, ஒரு கைப்பிடி பஞ்சும் வைத்தார். "நோயாளி பொழச்சா சொல்லுங்க."

அரை பிளேடால் கறுப்புக் கோட்டைச் சுரண்டினேன். அந்தக் கரிதான் கரண்டுக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. துளி மிஞ்சினாலும் பனி வந்ததும் பாதை திறந்துவிடும். பிறகு பழைய பல் பிரஷ்ஷில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்து, பஞ்சால் ஒற்றி எடுத்தேன். பஞ்சு மஞ்சளாக வந்தது. அடுத்த பஞ்சும் மஞ்சள். ஏழாவதோ எட்டாவதோ வெள்ளையாக வந்தபோது விரல் விறைத்துவிட்டது. மஞ்சள் பஞ்சுகளை ஒரு பைக்குள் போட்டு என் புத்தகங்களுக்குப் பின்னால் தள்ளினேன்.

காயவேண்டும். ஐப்பசி மாதத்தில் எங்கள் பக்கம் காலையில்தான் வெயில், இரண்டு மணிக்கு மழை. சனிக்கிழமை அம்மாவுக்கு அரை நாள் வேலை. வந்தபோது மிளகாய்ச் சொளகில் ஒரு ஓரமாகப் பலகை கிடந்தது.

"இது என்னா, எம் மொளகாய்க்குப் பக்கத்துல?"

"டீவியோட ஈரல்."

"ஈரலா? வெளிய வைக்காத, காக்கா தூக்கிட்டுப் போயிரும்," என்றாள். சொல்லிவிட்டுக் கூடையைக்கூட இறக்காமல் சொளகுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மழை தூறும்வரை காக்கா விரட்டினாள். தங்கையின் டீவி எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் பலகையை இரண்டு தடவை திருப்பிப் போட்டாள், அப்பளம் திருப்புவதுபோல.

ஞாயிற்றுக்கிழமை பதினெட்டு ஸ்குரூவும் திரும்பப் போயின. ஒன்றும் மிஞ்சவில்லை. வேண்டுமென்றே மாலைவரை பொறுத்தேன். பனியில் எரிந்தால்தான் எரிந்த கணக்கு. ஐந்து மணிக்கு மேல் மூட்டம் இறங்கி, வாசலில் நின்ற கொய்யாமரம் மறைந்தது. சித்தியின் பெட்டி கட்டி முடித்துக் கதவோரம் நின்றது.

"போடவா சித்தி?"

"போடுடி. போட்டுத் தொலை." சித்தி கண்ணை மூடிக்கொண்டாள்.

போட்டேன். இளஞ்சிவப்பாக வெளிச்சம் வந்தது. நான் எண்ண ஆரம்பித்தேன், சத்தமாக.

"ஒன்னு... ரெண்டு..."

டிக் வரவில்லை.

"மூனு... நாலு..."

சித்தி ஒரு கண்ணைத் திறந்தாள். பத்து வந்தது. பன்னிரண்டைத் தாண்டியபோது என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் அரிசி புடைக்கிற சத்தம் நின்றிருந்தது. இருபதில் எங்கள் காம்பராக் கதவு கிரீச்சிட்டது. முப்பதில் அம்மா சித்தியின் வாசற்படியில் நின்றாள், ஒரு கையில் சொளகோடு. யாரும் அவளைக் கூப்பிடவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை.

அறுபதுக்கு மேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். இளஞ்சிவப்பு வெளுத்து, படம் படமாக நின்றது. யாரோ ஒருவர் மேடையில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று பேருக்கும் அவர் பேச்சு ஒரு சொல் காதில் ஏறவில்லை. ஆனாலும் பார்த்தோம்.

நான் சந்தோஷத்தில் ஓடிப்போய் அந்தப் பையை எடுத்துவந்து, மஞ்சள் பஞ்சுகளைக் கட்டிலில் கொட்டினேன்.

"என்னாது இது, மஞ்சளா? புண்ணா?" என்றாள் அம்மா.

"டீவிக்குள்ள இருந்துச்சு. மஞ்சத்தண்ணி. பூசையன்னைக்கு மேல ஊத்துனது உள்ள எறங்கி, காஞ்சு, கருகி... அதுதான் கோளாறு. பிளக்கும் இல்ல, வயரும் இல்ல."

 அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி அம்மாவைப் பார்த்தாள்.

"நீதானே தெளிச்ச," என்றாள் அம்மா.

"நீதானே சொம்ப புடிச்ச," என்றாள் சித்தி.

"புடிச்சா? முழுச் சொம்பையுமா கவுப்ப?"

"இன்னும் ரெண்டு தெளி தெளிடீன்னு சொன்னது யாரு, பக்கத்து லயத்துக்காரியா?"

பத்து நாளுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்ட முதல் பேச்சு இது. அம்மாவுக்குத்தான் முதலில் சிரிப்பு உடைந்தது. சொளகு குலுங்கி அரிசி கொட்டியது. சித்தி கட்டிலில் விழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "சாமிக்கு வச்ச தண்ணிய டீவி குடிச்சிருச்சுடி... குடிச்சிட்டு மப்புல கண்ண மூடிருச்சு!"

சிரிப்பு ஓய்ந்தபோது அம்மா தரையில் சிந்திய அரிசியைக் கூட்டிக்கொண்டே சொன்னாள்: "பழைய சாமான்னு நான் சொல்லியிருக்கக் கூடாது."

"பழசுதான்," என்றாள் சித்தி. "பழசா இல்லாட்டி மேடம் தந்திருப்பாளா? கை சும்மா இருக்காதுன்னு நானும் புள்ளைய சொல்லியிருக்கக் கூடாது." பிறகு என் பக்கம் திரும்பி, "சும்மா இருக்கவும் வேணாம். அந்தா மேல பாரு. கரி புடிச்ச அடுப்பு மாதிரி இருக்கே, அது என்னா?"

சித்தி காட்டியது சரி. படத்தின் உச்சியில், அகலமாக ஒரு மங்கல் பட்டை. வானம் வந்தால் வானத்துக்கு மேலே அழுக்கு வானம் ஒன்று. மேல் டியூப் வயதாகி நுனி கறுத்திருக்கவேண்டும், குசினி டியூப் லைட் ஓரம் கறுப்பதுபோல. முன்பே இருந்ததை நாங்கள் கவனிக்கவில்லையா, இல்லை இந்த இழுபறியில் அது களைத்துவிட்டதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் இது மஞ்சள் இல்லை, துடைத்தால் போகாது.

மறுநாள் காலை பதுளை ஸ்டேஷனில் ரயில் நகரும்வரை அக்காவும் தங்கையும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெளித்ததா பெரிய குற்றம், தூண்டியதா என்று வாதாடினார்கள். தீர்ப்பு வருவதற்குள் ரயில் போய்விட்டது. "மிச்சத்த போன்ல பேசிக்கலாம்!" என்று சித்தி கத்தினாள். அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, "இவளோட மல்லுக்கட்டியே தொண்ட காஞ்சிருச்சு. ஒரு டீ குடிப்பமா?" என்றாள். அம்மாவை டீக்கடையில் உட்காரவைத்துவிட்டு நான் ரிப்பேர் கடைக்கு ஏறினேன்.

"என்னா தங்கச்சி, சாமானுக்குக் கொண்டுவந்தீங்களா?"

"இல்லண்ணே, டீவி ஓடுது."

"ஓடுதா? பேனல் போன டீவியா?"

அவருடைய கடையில் ஒரு மூலையில் இரண்டு எல்சிடி சாய்த்துவைத்திருந்தது. ஒன்றுக்குப் பிளக் கொடுக்கச் சொன்னேன். சத்தம் மட்டும் வந்தது. பையிலிருந்து டோர்ச்சை எடுத்துச் சாய்த்துப் பிடித்தேன். கிரிக்கெட் மைதானம் ஒன்றின் ஒரு துண்டும், அதில் ஓடுகிற இரண்டு வெள்ளைக் கால்களும் தெரிந்தன. அண்ணன் கையிலிருந்த ஈயப் பற்றவைப்பானைக் கீழே வைத்தார்.

"அட! இத நான் போன வாரம் செத்துப்போச்சுன்னு சொல்லி ஆள அனுப்பிட்டேனே." தலையைச் சொறிந்தார். "அந்தாளுக்கு இப்ப போன் பண்ணணும்."

மற்றதன் கண்ணாடி, பந்து பட்டு, நட்சத்திரமாக வெடித்திருந்தது. அளவு இருபத்தாறு அங்குலம். கண்ணாடி வெடித்தாலும் பின்னால் டியூப்கள் முழுதாக இருக்கும். கேட்டேன். எடுத்துக்கொள்ளச் சொன்னார், கழற்றும்போது தானும் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும் என்பதுதான் பேச்சு.

ஆக, வருகிற சனிக்கிழமை. டியூப் ஏறக்குறைய இரண்டு அடி நீளம், பென்சில் ஈயத்தைவிடக் கொஞ்சம்தான் தடிப்பு. ஸ்பிரிங்வெளி பஸ்ஸின் வளைவுகளில் அது உடையாமல் வரவேண்டும். அதற்கு அப்பாவிடம் ஒரு துண்டு தண்ணீர்ப் பைப் கேட்டிருக்கிறேன். பழைய சேலைத் துணி சுற்றி அதற்குள் விட்டு, மடியில் படுக்கவைத்துக் கொண்டுவரவேண்டும். திரையை முழுதாகப் பிரித்து, மேல் டியூப்பை மட்டும் எடுத்து, புதியதன் இரண்டு நுனியிலும் வயரைப் பற்றவைக்கவேண்டும். நான் இதுவரை எதையும் பற்றவைத்ததில்லை. அதனால் முதலில் நான்கு டியூப்பாவது கழற்றிக் கேட்பேன். மூன்றைப் பழகி உடைக்க, ஒன்றைப் பூட்ட.